தலைக்குள் ஓயாத இரைச்சல்: கழுத்துத் தமனிக் காயங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

விபத்தில் கரோட்டிட் எனப்படும் கழுத்துத் தமனி காயப்படுவதைப் பற்றியும், கத்தி வைத்துத் திறக்காமல் ரத்தக்குழாயின் வழியாகவே உள்ளே சென்று அதைச் சரிசெய்யும் சிகிச்சையைப் பற்றியும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றுசேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர், ஊர் விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம். இந்தச் சிகிச்சையைச் செய்துவரும் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் என் தம்பி இருசக்கர வாகனத்தில் இருந்து விழுந்தான். மண்டையோட்டின் அடிப்பகுதியில் மெல்லிய விரிசல் இருப்பதாகச் சொல்லி, ஐந்து நாட்கள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த சில நாட்களில் இடது கண் சிவந்து, முன்னே தள்ளத் தொடங்கியது. கண் நோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டோம், குறையவில்லை. காதுக்குள் தறி ஓடுவதுபோல் சத்தம் கேட்கிறது, தூங்க முடியவில்லை என்கிறான். கழுத்துத் தமனியில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். கழுத்துக் குழாய்க்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?

பதில்: முதலில், தம்பி சொல்லும் சத்தத்தை நம்புங்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றில் நோயை நேராகச் சுட்டிக்காட்டும் விவரம் அதுதான்.

கழுத்தின் இரு பக்கமும் விரல் வைத்தால் துடிக்கும் கரோட்டிட் தமனி, தாடைக் கோணத்தின் அருகே இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. உட்கிளை மண்டையோட்டின் அடி எலும்பைக் குடைந்துகொண்டு மேலேறுகிறது. மூளையை அடைவதற்கு முன், கண்குழிக்குப் பின்னால் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக்குழியின் நடுவே அது வளைந்து செல்கிறது. ஒரு தமனி இப்படிச் சிரை ரத்தத்துக்குள் மூழ்கிச் செல்லும் இடம் உடலில் வேறெங்கும் இல்லை. அங்கே தமனி சுற்றியுள்ள எலும்போடும் உறையோடும் இறுகக் கட்டுண்டிருப்பதால், மண்டை அடிபட்டு எலும்பு விரிசல் விடும்போது இழுபட்டோ, எலும்புச் சில்லு குத்தியோ அதன் சுவர் கிழியக்கூடும். கிழிந்தால், தமனியின் முழு அழுத்தத்தோடு வரும் ரத்தம் மிகக் குறைந்த அழுத்தமுள்ள சிரைக்குழிக்குள் நேராகக் கொட்டுகிறது. தமனிக்கும் சிரைக்கும் இடையே உண்டாகும் இந்தக் குறுக்கு வழியைத்தான் ஃபிஸ்டுலா என்கிறோம்.

கண்ணிலிருந்து வடியும் சிரைகள் வந்து சேரும் இடமும் அதே குழிதான். ஆற்றில் வெள்ளம் ஏறினால் அதில் கலக்க வேண்டிய வாய்க்கால் எதிர்த்துக்கொள்வதுபோல, கண்ணின் சிரைகளில் ரத்தம் பின்னோக்கித் திரும்புகிறது. கண் முன்னே தள்ளுவதும், வெள்ளைவிழியின் மேல்தோல் நீர்கோத்துப் புடைப்பதும், சிலருக்குக் கண்ணே நாடியோடு சேர்ந்து துடிப்பதும் இதனால்தான். சிவப்பையும் உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தொற்றினால் சிவக்கும் கண்ணில் பீளை இருக்கும், நிறம் பரவலாகப் படர்ந்திருக்கும். இதிலோ தடித்த சிவப்பு நாளங்கள் சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டு கருவிழியின் விளிம்பு வரை ஓடும். கண்ணை அசைக்கும் மூன்றாவது, நான்காவது, ஆறாவது மூளை நரம்புகளும் இந்தக் குழியை ஒட்டியே செல்கின்றன. அவற்றில் ஆறாவது தமனியின் பக்கத்திலேயே கிடப்பதால், கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் போய், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம்.

இனி அந்தச் சத்தம். மூடிய இமையின் மேல் ஸ்டெதாஸ்கோப்பின் கிண்ணத்தை மெதுவாக வைத்து, மற்றொரு கண்ணைத் திறந்தபடி ஒரு கணம் மூச்சை நிறுத்தச் சொன்னால், நோயாளி நாட்கணக்கில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே இரைச்சல் நாடிக்கு நாடி உஸ்ஸென்று மருத்துவரின் காதிலும் விழும். அரை நிமிடம் பிடிக்கும் பரிசோதனை இது, செலவும் இல்லை. தலைக்காயத்துக்குப் பிறகு கண் சிவந்து வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் இது கைவிடப்படுவதால் பார்வை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் மருத்துவரிடம் போகும்போது விபத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. காயம் ஆறிவிட்டது, இது வேறு தொல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அதற்காக நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் இனி நாள் கடத்தாதீர்கள். பார்வை மங்கினாலோ, கண்ணுக்குள் அழுத்தம் ஏறினாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிரை ரத்தம் மூளையின் பக்கம் திரும்பியிருப்பதாகப் படத்தில் தெரிந்தாலோ, அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம்.

கேள்வி: கழுத்தை விரலால் அழுத்திக்கொண்டே வந்தால் இந்த ஓட்டை தானாக மூடிக்கொள்ளும் என்று ஒரு காணொலியில் பார்த்தேன். உண்மையா?

பதில்: அந்தச் செய்தி இதே நோயின் வேறு வகைகளுக்கு உரியது. 1985-இல் பேரோ என்ற மருத்துவரும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்த ஃபிஸ்டுலாக்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் கரோட்டிட் தமனியே கிழிந்து வேகமாக ரத்தம் பாய்கிறது. விபத்தால் வருவது பெரும்பாலும் இதுதான். மற்ற மூன்றும் மூளையுறைக்குப் போகும் சிறு கிளைகளில் இருந்து மெதுவாகக் கசிபவை; அடிபடாமலேயே, நடுவயது கடந்தவர்களுக்கு வருபவை. அந்த மெதுவான வகைகளில் சில தாமாகவே அடைபடுவதுண்டு, மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி கழுத்தை அழுத்துவது சிலருக்கு உதவுவதும் உண்டு. அப்போதும் அழுத்துவது எதிர்ப்பக்கக் கையாகவே இருக்க வேண்டும்: இடது தமனியை அழுத்துவதால் இடப்பக்க மூளைக்கு ரத்தம் போதாமல் போனால், வலது கை தளர்ந்து தானாகக் கீழே விழுந்துவிடும், அழுத்தமும் நீங்கிவிடும். விபத்தில் கிழிந்த தமனியை இப்படி அழுத்தி மூட முடியாது. காயம்பட்ட சுவரில் உறைகட்டி (உறைந்த ரத்தக் கட்டி) இருந்தால் அது பெயர்ந்து மூளைக்குப் போகும் ஆபத்தும் இருக்கிறது. வீட்டில் முயலாதீர்கள்.

கேள்வி: தொடையில் ஊசி போட்டுத் தலைக்குள் இருக்கும் ஓட்டையை அடைப்பதாகச் சொல்கிறார்கள். எதை வைத்து அடைக்கிறார்கள்? பலூன், காயில், ஸ்டென்ட் என்று ஆளுக்கொன்று சொல்வதால் குழப்பமாக இருக்கிறது. மண்டையைத் திறந்து ஒரேயடியாகத் தைத்துவிட்டால் என்ன?

பதில்: மூன்றும் சரி, எது யாருக்கு என்பதுதான் கேள்வி. தைப்பது ஏன் எளிதல்ல என்பதற்குப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1809-இல் லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ் என்ற அறுவை மருத்துவர், துடித்துக்கொண்டு முன்தள்ளிய ஒரு கண்ணுக்காகக் கழுத்தில் கரோட்டிட் தமனியைக் கட்டினார். வெகுகாலம் அதுவே சிகிச்சையாக இருந்தது. ஆனால் மூளையின் அடியில் இரு பக்கத் தமனிகளையும் இணைக்கும் வளையம் ஒன்று இருக்கிறது. கீழே கட்டினால், அந்த வளையத்தின் வழியாக மேலிருந்து ரத்தம் இறங்கி அதே ஓட்டையில் கொட்டத் தொடங்கும். ஓட்டை மூடாது, மூளைக்குப் போக வேண்டிய ரத்தமும் களவுபோகும், பின்னால் வருகிற மருத்துவர் நுழைவதற்கான பாதையும் அடைபட்டிருக்கும். சிரைக்குழியைத் திறந்து நேரடியாகத் தைக்கலாம் என்றால், நரம்புகள் நெருக்கிக் கிடக்கும் இடத்தில் ரத்தப்பெருக்கோடு போராட வேண்டும். ஓட்டையை அதன் இடத்திலேயே, உள்ளிருந்து அடைக்க வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுத்தது. மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ, குழாயின் நுனியில் கட்டிய சிறு பலூனை ரத்த ஓட்டத்தோடு மிதக்கவிட்டு, ஓட்டைக்குள் நுழைந்ததும் ஊதி, அங்கேயே கழற்றிவிடும் முறையை உருவாக்கினார்; அவருடைய விரிவான கட்டுரை 1974-இல் வெளிவந்தது. மே தின விழாவில் நூலில் கட்டிய பலூன்கள் காற்றில் அலைவதைப் பார்த்தபோது அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று சொல்லப்படுகிறது. 1991-இல் இத்தாலிய மருத்துவர் குயிடோ குலியெல்மி, மெல்லிய மின்னோட்டத்தால் கழற்றிவிடக்கூடிய பிளாட்டினக் காயிலை, அதாவது கம்பிச் சுருளைப் பற்றி எழுதினார். இன்று நாங்கள் செய்வதெல்லாம் இந்த இருவரின் தோளில் நின்றுதான்.

செய்முறை இதுதான். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கிறோம். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியில் ஊசி குத்தி, சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள குழாயைக் கழுத்துத் தமனி வரை கொண்டுபோகிறோம். அதற்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய் ஒன்று செல்கிறது. அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கும்போது, தமனி நிறைந்து சில நொடிகள் கழித்து நிறைய வேண்டிய சிரைகள், தமனி நிறையும் அதே நொடியில் கறுத்துத் தெரியும். ஓட்டம் அவ்வளவு வேகமாக இருப்பதால் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதே சில நேரம் பெரும்பாடாகிவிடும். அப்போது கழுத்தை அழுத்திக்கொண்டு, பிடரி வழிச் செல்லும் தமனியில் மருந்தைச் செலுத்தினால், அது வளையத்தின் வழியாக மெதுவாக இறங்கி ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு நுண்குழாயை ஓட்டையின் வழியாகச் சிரைக்குழிக்குள் நுழைத்து, முடியைப்போல் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்களை ஒவ்வொன்றாக நிரப்புகிறோம். சுருள்கள் தமனிக்குள் நழுவாமல் இருக்க, தமனியில் ஒரு பலூனை அவ்வப்போது ஊதிப் பிடித்துக்கொள்வதோ, ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை விரித்துத் தடுப்பதோ உண்டு. உள்ளே போனதும் உறைந்துவிடும் திரவ மருந்து ஒன்றையும் சேர்த்து நிரப்பலாம். அதைச் செலுத்தும்போது முகத்தின் உணர்ச்சியைக் கடத்தும் ஐந்தாவது மூளை நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு திடீரெனக் குறையக்கூடும் என்பதால், மயக்க மருத்துவர் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. தமனிப் பக்கம் வழி கிடைக்காதபோது, தொடைச் சிரையில் தொடங்கிக் கழுத்துச் சிரை வழியாகப் பின்வாசலில் நுழைகிறோம். கழற்றிவிடும் பலூன் நல்ல கருவி, ஆனால் எலும்புச் சில்லு குத்தி உடைவதும், நாளடைவில் சுருங்குவதும் உண்டு. பல நாடுகளில் இப்போது அது கிடைப்பதும் அரிது. உறை போர்த்திய ஸ்டென்ட் ஒரே வீச்சில் ஓட்டையை மறைத்துவிடும் என்றாலும், விறைப்பான அந்தக் கருவி கழுத்தின் நேரான பகுதிக்குப் பொருந்துவதுபோல் தலைக்குள் உள்ள வளைவுகளுக்குப் பொருந்துவதில்லை. கண்ணுக்குப் போகும் கிளையின் வாயை மறைத்துவிடக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது. ஆகவே, உங்கள் மருத்துவர் காயில் என்று சொல்லி, இன்னொருவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தால், கிழிசலின் இடமும் அளவும் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: என் கணவருக்குத் தமனி மிக மோசமாகக் கிழிந்திருப்பதால், அதையே நிரந்தரமாக அடைத்துவிட நேரலாம் என்கிறார்கள். அதற்கு முன் விழித்திருக்கும்போதே ஒரு சோதனையாம். கேட்டதிலிருந்து நெஞ்சு பதறுகிறது. ஒரு பக்கத் தமனி இல்லாமல் மூளை எப்படிப் பிழைக்கும்?

பதில்: உங்கள் பதற்றம் நியாயமானது, இந்த முடிவை நாங்களும் மனக்கனத்தோடுதான் எடுக்கிறோம். தமனியைக் காப்பாற்ற வழி இருக்கும்வரை அதையே தேடுவோம்.

முன்பு சொன்ன வளையம் நன்றாக அமைந்தவர்களுக்கு, ஒரு பக்கத் தமனி அடைபட்டாலும் மறுபக்கத்தில் இருந்தும் பின்புறத்தில் இருந்தும் ரத்தம் வந்துவிடும். ஆனால் அது எல்லோருக்கும் முழுமையாக அமைந்திருப்பதில்லை. அதை அறியத்தான் சோதனை. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, தமனிக்குள் ஒரு பலூனை ஊதி, 20 முதல் 30 நிமிடம் வரை ஓட்டத்தை நிறுத்தி வைக்கிறோம். அந்த நேரம் முழுவதும் அவரோடு பேசிக்கொண்டே இருப்போம்: பெயர் என்ன, இது என்ன மாதம், இந்தப் படத்தில் இருப்பது என்ன. எதிர்ப்பக்கக் கையில், அழுத்தினால் கீச்சென்று ஒலிக்கும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்துவிடுவோம். அவர் துணிகளால் மூடப்பட்டுப் படுத்திருக்க, நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அந்தக் கீச்சொலி வலுவாக வரும்வரை கை வேலை செய்கிறது என்று தெரியும். சொல் குழறினாலோ ஒலி தளர்ந்தாலோ அந்த நொடியே பலூனைச் சுருக்கிவிடுவோம். பல இடங்களில் ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தும் பார்க்கிறோம், ஏனென்றால் பின்னால் வாழ்க்கையில் அழுத்தம் இறங்கும் நேரங்களும் வரும்.

சோதனையில் தேறியவர்களிலும் சிலருக்குப் பின்னர் பக்கவாதம் வந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. தேறாதவர்களுக்குத் தமனியை அடைப்பதற்கு முன், மூளைக்கு மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று பார்ப்போம். அடைப்பது என்று முடிவானால், ஓட்டைக்கு மேலேயும் கீழேயும் சேர்த்து அடைக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே மட்டும் அடைத்தால் என்ன ஆகும் என்பதை டிராவர்ஸ் காலக் கதையிலேயே பார்த்தோம். விடாத ரத்தப்பெருக்கில் உயிர் ஊசலாடும்போது சோதனைக்கே நேரம் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கார் விபத்தில் சீட் பெல்ட் கழுத்தில் அழுந்தியதால் என் மகளின் கரோட்டிட் தமனியில் சிறிய போலி அனியூரிசம் உண்டாகியிருக்கிறது. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்து, பத்து நாளில் மறுபடி சி.டி. எடுக்கலாம் என்கிறார்கள். வெடித்துவிடக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுப்பது சரியா?

பதில்: சரியாகத்தான் செய்கிறார்கள், அம்மா. தமனியின் சுவர் மூன்று அடுக்குகள் கொண்டது. உண்மையான அனியூரிசத்தில் அந்தச் சுவரே பலவீனமாகிப் புடைக்கிறது. போலி அனியூரிசத்தில் சுவர் கிழிந்து, வெளியே வந்த ரத்தத்தைச் சுற்றுத் திசுக்கள் ஒரு பைபோல் பிடித்துவைத்திருக்கின்றன. நேரான அடியில் இல்லாமல், கழுத்து திடீரெனப் பின்னுக்குச் சாய்ந்து திரும்புவதாலோ, பெல்ட் அழுத்துவதாலோ வரும் இத்தகைய காயங்களை 1999-இல் வெளியான பிஃபிள் தரவரிசை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது: குழாய் 25 சதவீதத்துக்கும் குறைவாகச் சுருங்கியிருப்பது முதல் படி, அதற்கு மேல் சுருங்கியிருப்பதோ உள்ளே உறைகட்டி இருப்பதோ இரண்டாவது, போலி அனியூரிசம் மூன்றாவது, முழு அடைப்பு நான்காவது, குழாய் அறுந்து ரத்தம் வெளியே கொட்டுவது ஐந்தாவது.

ஐந்தாவதைத் தவிர மற்றவற்றில் முதல் சில நாட்களில் நாங்கள் அஞ்சுவது வெடிப்பைவிட உறைகட்டியைத்தான். கிழிந்த உட்சுவரில் ரத்தம் உறைந்து, ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால், அடிபட்டபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ பக்கவாதம் வரும். ஆஸ்பிரின் தடுப்பது அதைத்தான். ஏழு முதல் பத்து நாளில் எடுக்கும் மறு சி.டி. ஆஞ்சியோகிராமில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் படத்தில்) பை பெரிதாகி இருந்தாலோ, குழாயை நெருக்கி ஓட்டத்தைக் குறைத்தாலோ, மாத்திரையை மீறி அறிகுறிகள் வந்தாலோ ஸ்டென்ட் பற்றிப் பேசுவோம். அப்போதும் பைக்குள் காயிலைத் திணித்து நிரப்ப நாங்கள் தயங்குவோம். அதன் சுவர் உறைந்த ரத்தமும் திசுவும்தான், அழுத்தினால் கிழியும். பையின் வாயை மறைத்து ஸ்டென்ட் விரிப்பதே பாதுகாப்பு. ஸ்டென்ட் வைத்தால் ஒன்றுக்கு இரண்டு மாத்திரை தேவைப்படும் என்பதால், மகளுக்கு மண்ணீரலிலோ மூளையிலோ வேறு ரத்தக்கசிவு இருந்தால் கணக்கே மாறிவிடும்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, ஒரு பக்க இமை மட்டும் சரிந்து அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்தாலோ பத்தாம் நாளுக்குக் காத்திராதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் தலைக்காயம். அன்றே வலக்கண் பார்வை போய்விட்டது. நேற்று மூக்கில் ரத்தம் கொட்டி, தானாக நின்றுவிட்டது. சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததுமே உங்களைத் தொடர்புகொள்ளச் சொன்னேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மூக்கின் பின்புறத்தில் உள்ள காற்றறைக்கும் கரோட்டிட் தமனிக்கும் இடையே இருப்பது தகடுபோன்ற மெல்லிய எலும்பு; சிலருக்கு அதுவும் இருப்பதில்லை. அடியெலும்பு முறிந்து, ஒரு கண் பார்வை இழந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மூக்கில் ரத்தம் கொட்டுவது, அந்த அறைக்குள் போலி அனியூரிசம் ஒன்று உடையத் தொடங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். முதல் கசிவு நின்றுவிடுகிறது. அடுத்தது உயிரைப் பறிக்கும் அளவுக்கு வரலாம். இப்போதே ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள், பழைய காயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கேள்வி: தமனியில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. பல் பிடுங்க வேண்டியிருப்பதால் மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்டின் உலோகத்தின் மேல் புதிய உட்சுவர் படர மாதங்கள் ஆகும். அதுவரை ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும்தான் அங்கே ரத்தம் உறையாமல் காக்கின்றன. பல் பிடுங்கிய இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்தும் தையல் போட்டும் நிறுத்த முடியும். அடைபட்ட ஸ்டென்ட் தரும் பக்கவாதத்தை அப்படி நிறுத்த முடியாது. பல் மருத்துவரிடம் மாத்திரைகளைக் காட்டுங்கள், ஸ்டென்ட் வைத்த மருத்துவரோடு அவர் பேசட்டும். தள்ளிப்போடக்கூடிய பல் என்றால் தள்ளிப்போடுவதே நல்லது.

கேள்வி: ஃபிஸ்டுலாவை காயில் வைத்து அடைத்து மூன்று வாரம் ஆகிறது. கண்விழித்ததுமே சத்தம் இல்லை. கண் வீக்கமும் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. ஆனால் இரட்டைப் பார்வை மட்டும் போகவில்லை. சிகிச்சை பாதியில் நிற்கிறதா? தலைக்குள் உலோகம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாதா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே நல்ல செய்தி. ஓட்டை மூடியதும் முதலில் போவது சத்தம். மயக்கம் தெளிந்து கண்விழிக்கும் பலர் எங்களிடம் சொல்லும் முதல் சொல் ‘நின்றுவிட்டது’ என்பதுதான். அடுத்து சிவப்பும் வீக்கமும் சில நாட்களில் வடியும். நரம்பு மட்டும் தன் போக்கில் மெதுவாகத்தான் தேறும்; ஆறாவது நரம்பு முழுமையாகத் திரும்ப வாரங்களும் மாதங்களும் ஆகலாம். இடையில் ஒரு கண்ணை மாற்றி மாற்றி மறைத்துக்கொண்டால் நடக்கவும் படிக்கவும் எளிதாக இருக்கும். அந்த நிலையில் வாகனம் ஓட்ட வேண்டாம். ஆறு மாதமாகியும் குறையாவிட்டால் முப்பட்டகக் கண்ணாடியோ, மாறுகண்ணுக்குச் செய்வதுபோன்ற தசை அறுவை சிகிச்சையோ உதவும். சிகிச்சைக்கு முன்பே பார்வை முற்றிலும் போனவர்களுக்கு இவ்வளவு உறுதியாக என்னால் நம்பிக்கை சொல்ல முடிவதில்லை.

பிளாட்டினத்தைக் காந்தம் இழுக்காது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எந்தக் கருவி வைக்கப்பட்டது என்று எழுதிய அட்டையை எடுத்துச் சென்று காட்டுங்கள். மறு ஆஞ்சியோகிராமுக்குக் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். காயில்கள் காலப்போக்கில் நெருங்கிப் படிந்து ஓட்டை மறுபடி திறப்பதுண்டு. இரவில் எல்லாம் அடங்கிய பிறகு, காயம்பட்ட பக்கக் காதைத் தலையணையில் வைத்து ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். அந்த இரைச்சல் மீண்டும் கேட்டால், தேதிக்குக் காத்திராமல் மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் போய்விடுங்கள்.